மூன்று பெல்ட்டுகள்

இருபத்தொரு வருடம் டீசல் பேருந்து.
சாந்தியாகோவின் குளிர்காலம்
மூடி போட்ட சட்டி.
மலை இருக்கிறது என்பதையே
மழை பெய்த மறுநாள்தான் நம்புவோம்.

புதன்கிழமை மின்சார வண்டியைக் கொடுத்தார்கள்.
பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி அமுக்கப் போனேன்.
"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நிபால்தோ" என்றாள்
பயிற்சி கொடுக்க வந்த பெண்.

மைப்பூ போகும் தடம்.
இத்தனை வருடம் கேட்காததெல்லாம் கேட்டது.
கடைசி இருக்கையில் யாரோ ஆப்பிள் கடிப்பது,
தவணைக்கு இன்னும் ஒரு வாரம் கேட்டு
போனில் ஒருத்தி கெஞ்சுவது,
நடுக்கதவருகே ஒரு பையன்
இன்ஹேலரை உலுக்கி, ஒருமுறை அழுத்தி,
பத்து எண்ணும்வரை வாயை இறுக மூடியிருப்பது.
எண்ணியது அவன் அம்மா, உதட்டுக்குள்.
நானும் எண்ணினேன்.
சிக்னல் விழுந்தது தெரியவில்லை,
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அப்புறம்தான் அந்த விசில்.

எனக்குப் பழகிய விசில்.
மேடேறும்போது வரும்,
விடியற்கால முதல் சவாரியில் வரும்.
மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்:
முன்பக்கம் கீச்சுச் சத்தம், பெல்ட்டைப் பார்க்கவும்.
மூன்று தடவையும் மாற்றினார் ஓனோஃப்ரே,
முனகிக்கொண்டே,
சோப்புக்கு மசியாத கறுப்பு விரல்களால்.

ராத்திரி பணிமனையில் அவரைக் கூப்பிட்டேன்.
பச்சை விளக்கு எரிய வரிசையாகச்
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன வண்டிகள்.
"இதுலயும் அதே சத்தம்" என்றேன்.
டாஷ்போர்டில் காது வைத்தார்.
கீழே குனிந்தார். எழுந்தார்.
"இதுல பெல்ட்டே கிடையாதே."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"மூச்சைப் பிடி."

பிடித்தேன்.
சத்தம் நின்றது.

திங்களன்று கிளினிக்கில் குழாயில் ஊதச் சொன்னார்கள்.
ஊதுங்க, ஊதுங்க, இன்னும், விடாதீங்க என்று
குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டியவள்போல்
கத்தினாள் நர்ஸ்.
திரையில் கோடு பாதி மலை ஏறி
உட்கார்ந்துவிட்டது.
சிகரெட்? இல்லை.
என்ன வேலை? சொன்னேன்.
அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

என் பழைய வண்டியை ஏலத்தில் எடுத்துவிட்டார்களாம்,
தெற்கே எங்கோ ஓடுகிறதாம்.
யார் ஓட்டுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

கழற்றிய மூன்று பெல்ட்டுகளையும்
பணிமனைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார் ஓனோஃப்ரே.
இழுத்துப் பார்த்தேன்.
விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை,
மூன்றும் நல்ல பெல்ட்.
சொல்லலாம் என்று திரும்பினேன்.
டயர் மேல் உட்கார்ந்து
தலையை ஒருபக்கம் சாய்த்து
மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.