எல் இ ஏ டி எச் இ ஆர்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில்
ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு இன்சோலில்
நான் குத்தும் வார்த்தை ஒன்றே ஒன்று.
ஏழு பித்தளை எழுத்து, நூற்றிருபது டிகிரி சூடு.
மிதியை அழுத்தினால் ஸ்ஸென்று ஒரு சின்னப் புகை,
கருகின முடி வாசனை.

மூன்றாம் மாதம்தான் கவனித்தேன்
அதற்குள் வேறு வார்த்தைகள் இருப்பதை.
முதலில் ஹீட். இருக்காதா பின்னே,
மே மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே.
அப்புறம் லேட்.
பச்சகுப்பத்தில் கேட் மூடி வேன் நின்ற நாளில்
ஆறு நிமிஷத்துக்கு அரை நாள் பிடித்தார்களே, அந்த லேட்.
ரேட் இருந்தது, ஜோடிக்கு இத்தனை பைசா.
ஹீல் இரண்டு விதமாய் இருந்தது,
குதிகால் ஒன்று, புண் ஆறுவது ஒன்று.

பிளஸ் டூ இங்கிலீஷில் முப்பத்திரண்டு எடுத்தவள் நான்.
என்னைக் கவிழ்த்த அந்த த்ரீகூட
டி எச் ஆர் இ இ என்று
இதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது
ஒன்றும் தெரியாத மாதிரி.

பக்கத்து மெஷின் தில்ஷாத் சும்மா இருப்பாளா.
கட்டிங் கழிவில் பால்பாயிண்டால் எழுத ஆரம்பித்தோம்.
தோற்றவள் நாலு மணி டீக்குக் காசு.
அவள் ஹார்ட் என்றாள், நான் எர்த் என்றேன்,
அதே ஐந்து எழுத்து, சீட் மாறி உட்கார்ந்தது.
ட்ரீ. ஹேட். ஹால்ட்.
லேத் என்றாள்,
அவள் அண்ணன் ராணிப்பேட்டையில் ஓட்டுகிற லேத்.

சண்டை வந்தது டி இ ஏ ஆரில்.
டியர் என்றால் கண்ணீர், டேர் என்றால் கிழிசல்,
எழுத்து ஒன்றானாலும் வாய் இரண்டு,
எனக்கு இரண்டு மார்க் வேண்டும் என்றேன்.
லைன் இன்சார்ஜ் எபினேசரிடம் நியாயம் கேட்டோம்.
துணுக்கைத் திருப்பிப் பார்த்தார்.
"இங்கே டேர்தாம்மா. ரிஜெக்ட் கூடையில போடு."
அதனால் ஒரு மார்க்.

வராத வார்த்தைகளை ஒரு மதியம் தேடினோம்.
லீவு வராது, வி இல்லை.
போனஸுக்கு ஒரு எழுத்துகூட இல்லை.
ஐ இல்லை. மீ, மை, இல்லை. நாம் என்கிற வீயும் இல்லை.
ஹீ இருக்கிறான்.
ஷீ வரமாட்டாள், எஸ் கிடையாது.
ஹெர் மட்டும் வருவாள்:
அவளை, அவளுக்கு, அவளுடைய.
எழுவாய் ஆகவே மாட்டா இவ, என்றாள் தில்ஷாத்.
அவள் இங்கிலீஷில் அறுபத்தெட்டு.

வெள்ளிக்கிழமை
நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.
சங்கு ஊத இரண்டு நிமிஷம்.
தில்ஷாத் எழுதினாள்: இ இ ஆர் ஏ எல்.
என்னடி இது, இப்படி ஒரு இங்கிலீஷா?
வாய்விட்டுப் படி என்றாள்.
ஈரல்.
தமிழ், செல்லாது என்றேன்.
வாட்ஸப்பில் உன் தமிழை எந்த எழுத்தில் அடிக்கிறாய் என்றாள்.
டீக்கு நான்தான் கொடுத்தேன்.

ஞாயிறு காலை பெரியாங்குப்பம் கறிக்கடையில்
கால் கிலோ ஈரல் கேட்டுவிட்டு நிற்கிறேன்.
தராசில் வழுவழுவென்று கருஞ்சிவப்பு.
கடைக்காரருக்குப் பின்னால், உப்புச் சாக்கின்மேல்,
மடித்துப் போட்ட நாலு தோல், ஈ மொய்க்க.
எந்தத் தோலுக்குள் இருந்தது இந்த ஈரல் என்று
கேட்டால் சிரிப்பார்.
தோல் போகும் பேரணாம்பட்டுத் தொட்டிக்கு.
ஊறி, மயிர் உதிர்ந்து, சாயம் ஏறி
ஒரு நாள் என் பித்தளைக்குக் கீழே வரும்.
அப்போது அதற்குப் பெயர் வைப்பது நான்.

பை கனமாய் இருந்தது. அடியில் கசிந்தது.
வீடு வரைக்கும் உதடு தானாக முணுமுணுத்தது:
டி எச் இ எல், தேள்.
டி எச் இ ஆர், தேர்.
நாளைக்கு டீ அவள் செலவு.