பதினேழு கிலோமீட்டர்

வாளையார் சோதனைச் சாவடி. இரவு ஒன்றரை.
பறவைக் காய்ச்சலாம்,
டயருக்கெல்லாம் மருந்தடிக்கிறார்கள்.
முன்னால் நாற்பது வண்டி.
முதுகில் நாமக்கல் முட்டை
முப்பது முப்பதாக வகுபட்டுக் கிடக்கிறது.

மீட்டரில் நிற்பது 999983.

பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தோடு நின்றவனுக்கு
அரிப்பு விடுமா?
பெர்மிட்டின் பின்பக்கம் வகுக்கத் தொடங்கினேன்.
ஏழில் ஐந்து மீதி.
பதினேழில் ஒன்பது.
ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு.
அத்தனை பேரும் தட்டித் திறக்காவிட்டால்
அப்புறம் யாராலும் திறக்க முடியாது.

கொசு அடித்துக்கொண்டே கிளீனர் தீர்த்தகிரி
"டீசல் கணக்காண்ணே?" என்றான்.
ஆமாம் என்றேன்.

மலைப்பக்கம் ஒரு ரயில்
யானைக்காகக் கத்திக்கொண்டே போனது.
பேனா தீர்ந்து, முட்டை அட்டையில் பென்சில்.
கடைசி ஆள் 997.
எட்டே எட்டு குறைந்து தோற்றது.
எட்டு கிலோமீட்டர் தாண்டி நின்றிருந்தால்
உடைந்திருக்கும்.

இனிப் பத்து லட்சம் வரை இப்படி ஒன்றில்லை,
அதையும் பார்த்துவிட்டேன்.
கஞ்சிக்கோடு தாண்டி எங்கோ
ஆறு சக்கரமும் சேர்ந்து புரண்டு
பூஜ்யமாகும்.

வெளுக்கும் நேரம் கதவைத் தட்டினார் மருந்துக்காரர்.
"எத்ரயுண்டு?"
முட்டையைத்தான் கேட்கிறார்.
ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கியர் போட்டேன்.
மூன்று மெல்ல மேலேறிற்று.
கீழே நான்கின் தலை.