எண் ஏழு

மோந்தெவிதேயோவில், ஓய்வூதிய அலுவலகத்தில்
அறுபது பேரின் இடுப்பில் ஒரு கருவியை மாட்டிவிட்டேன்.
தீப்பெட்டி அளவுதான்.
நாளுக்கு எட்டு முறை, தான் நினைத்த நேரத்தில் அதிரும்.
அதிர்ந்ததும், கை செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு
மஞ்சள் சீட்டில் ஓர் எண்ணை எழுத வேண்டும்.

ஒன்று, மனுதாரரோடு பேசுதல்.
இரண்டு, தட்டச்சு.
ஏழு, கோப்பு தேடுதல்.
பன்னிரண்டு, சும்மா.

முதல் நாள், சும்மா இருக்கும் வித்தை
அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கைவரவில்லை.
நானூற்று எண்பது சீட்டில் ஒரு பன்னிரண்டுகூட இல்லை.
செவ்வாய்க்கிழமை நான்கு.
புதன்கிழமை வெட்கம் விட்டுப்போயிற்று.
வாஷிங்டன் எச்செவெரி எழுதியிருந்தான்:
"சுரைக்குடுவையில் மாதே உறிஞ்சுகிறேன்,
மறுகையால் முத்திரை குத்துகிறேன்.
எந்தக் கைக்கு எண்?"
தட்டச்சுப் பிரிவிலிருந்து கையெழுத்தில்லாமல் ஒன்று:
"இந்தச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்."
அதற்கு எண் வைக்க மறந்திருந்தேன்.

நேரத்துக்கு மரக்கால் பிடிக்க வந்தவன் நான்.
தலை தட்டி, சிந்தாமல் அளந்தால் போதும்.
சிரித்துவிட்டு அடுத்த கட்டை அவிழ்த்தேன்.

வியாழன், நிலவறை ஆவணக் கூடம்.
ஒஃபேலியா பென்தான்கூர்.
"ஏழு" என்று எழுதி, அடியில் பென்சிலால்:
"அந்தக் கோப்பு கிடையாது. எனக்குத் தெரியும்."

கணக்கு உதைத்தது. இறங்கிப் போனேன்.

இரண்டு அலமாரிகளுக்கு நடுவில்
ஒரு கையை மரத்தில் ஊன்றி நின்றிருந்தாள்.
தேடவில்லை. நின்றிருந்தாள்.
மேலே மூன்றாவது சாளரத்தில் பச்சை மேல்கோட்டுக்காரி ஒருத்தி.
புருஷன் எல் செர்ரோ இறைச்சி ஆலையில் இருபத்திரண்டு வருஷம்.
கூலியில் பிடித்த பணத்தை முதலாளி கட்டவே இல்லை.
ஆலையும் மூடியாயிற்று, ஆளும் போயாயிற்று.
எந்தப் பேரேட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை.
மாதாமாதம் முதல் வியாழன் வருகிறாள்.

"போன சூட்டோடு திரும்பி வந்து இல்லை என்றால்
தேடவே இல்லை என்று நினைத்துக்கொள்வாள்," என்றாள் ஒஃபேலியா.
"கால் மணி நேரம் நிற்பேன்.
பிறகு சட்டைக் கையில் கொஞ்சம் தூசியைத் தேய்த்துக்கொண்டு
மேலே போவேன்."

அப்போது அவள் இடுப்பில் அது அதிர்ந்தது.
இருவரும் குனிந்து பார்த்தோம்,
மேசைக்கடியில் பூனை கத்தியதைப் போல.

"எதைப் போட?"

என்னிடம் பன்னிரண்டு எண்கள் இருந்தன.
ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
"ஏழே போடுங்கள்," என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை, இரண்டாயிரத்து நானூறு சீட்டு.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் நானே எழுதினேன்:
தேடுதலில் போவது நூற்றுக்கு இருபத்து மூன்று,
குறைக்க முடியும்.
இயக்குநர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

மார்ச்சில் புதிய அட்டவணைப் பெட்டிகள் வந்து இறங்கின.
நிலவறைக்கு இனி யாரும் இறங்க வேண்டாம்.
ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்பது
நாற்பது வினாடியில் தெரிந்துவிடுகிறதாம்.
நன்றிக் கடிதமும் காசோலையும் ஒரே உறையில் அனுப்பினார்கள்.

நாற்பத்தோராவது வினாடியில் ஒஃபேலியா என்ன செய்கிறாள்
என்று அளக்க
என்னை யாரும் கூப்பிடவில்லை.