நாயின் வால்

மொகொட்லோங்கில் பனி கொட்டி
ஜெனரேட்டர் இருமுறை அணைந்த இரவு.
செல்போனைப் பல்லில் கடித்து
அந்த வெளிச்சத்தில் எண்ணினேன்.

முதல் நிமிடம்.
தொப்புள்கொடியின் வேரில் இரண்டு விரல்:
துடிப்பு நூறுக்குக் கீழே. ஒன்று.
மூச்சு, ஒரே ஒரு விக்கல். ஒன்று.
உள்ளங்காலைச் சுண்டினேன், முகம் சுளிக்கவில்லை.
நிறத்தை எங்கள் பிள்ளைகளிடம்
உதட்டிலும் உள்ளங்கையிலும் தேட வேண்டும்;
படிவம் எழுதியவருக்கு அது தெரியாது.
இரண்டிலும் ஊதா.
கையைத் தூக்கி விட்டேன்.
நனைந்த துணி விழுகிற மாதிரி விழுந்தது.

பத்துக்கு இரண்டு.

முகமூடியை வைத்துப் பையை அழுத்தினேன்.
அழுத்து, இரண்டு, மூன்று.
நெஞ்சு எழுகிறதா? எழுகிறது.
அழுத்து, இரண்டு, மூன்று.
மாபுசெலெட்சோ ஒன்றும் கேட்கவில்லை.
நான்கு மணிநேரம் குதிரையில் வந்தவள்
கூரையைப் பார்த்துக் கிடந்தாள்,
தெரிந்த பதிலுக்குக்
கேள்வி எதற்கு என்பதுபோல.

பிறகு துருப்பிடித்த கீல் திறப்பதுபோல்
ஒரு குரல்.

ஐந்தாம் நிமிடம், ஏழு.
தராசுத் துணியில்
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது கிராம்.
முந்தைய பிரசவங்கள்: மூன்று.
அவற்றில் உயிருடன்:
அந்தக் கட்டத்தில் சுழியைச் சிறிதாகப் போட்டேன்.
குதிரைக்குக் கட்டமில்லை.
மூடிக்கிடக்கும் கணவாய்க்கும் இல்லை.

குதிரையோடு வெளியே நின்றிருந்த தகப்பன்
விடியுமுன் உள்ளே வந்தான்,
போர்த்திய கம்பளியில் பனியும் குதிரை வியர்வையும்.
பெயர் கேட்டேன்.
மொசெலன்ட்சா, என்றான், மகளைப் பாராமல்.
நாயின் வால்.
பிள்ளையைப் புதைத்த வீடுகளில்
அடுத்ததற்கு இப்படி வைப்பதுண்டு.
தேடி வருகிறவன் காதில் விழுந்து
சீ, இதுவா, என்று திரும்பிப் போக வேண்டும்.

ஆபத்துக் காரணிகள் என்று
அரைப்பக்கம் விட்டிருக்கிறார்கள்.
நான் எழுத நினைத்ததையெல்லாம்
அவன் ஒரே சொல்லில் சொல்லிவிட்டான்.
பெயர் என்ற கோட்டில் அதை எழுதினேன்,
எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து.

தாயின் மார்போடு கட்டிய பொதிக்குள்
கை விட்டேன்.
வெதுவெதுப்பு.
மூச்சு, நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு.
குச்சிக் கையைப் பிடித்து
மெல்ல நீட்டி விட்டேன்.
சுருண்டது.
இன்னொரு முறை நிமிர்த்தினேன்.
சுருண்டது.

ஆம்புலன்ஸ், பாதை திறந்தால், மதியம்.
அதுவரை மணிக்கொருமுறை
நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.