ஒன்றரை அங்குலம்

ரோட்னியின் சட்டையை என் துணிகளோடு போடுவதில்லை.
கண்ணாடி இழை சும்மா இருக்காது.
கல்யாணமான புதிதில் தெரியாமல் சேர்த்துப் போட்டு
மூன்று நாள் முதுகை நாற்காலியில் தேய்த்தபடி
வங்கியில் காசு எண்ணியிருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாக
டுலூத்தில் குளிரை வெளியே நிறுத்துவது அவர் தொழில்.
பரண் பரணாய் ஏறி
நெற்றி விளக்கோடு முட்டிபோட்டு நகர்வார்.
தலைக்கு மேல் கூரை ஆணிகள் பனி பூத்திருக்கும்.
குழாயின் வாயிலிருந்து
பொடித்த செய்தித்தாள் சாம்பலாய்ப் பறக்கும்.
தேர்தல் முடிவு, மரண அறிவிப்பு, பாதி விலைச் சோபா,
எல்லாம் பதினாறு அங்குலத்துக்கு
யாரோ ஒருவர் தூக்கத்தின் மேல் படியும்.

வந்து சாப்பிடும்போது
வீடுகளின் நோயைச் சொல்வார்.
ஆஸ்ட்பி வீட்டுச் சுவருக்குள் ஒன்றுமே இல்லை, மார்லிஸ்,
காய்ந்த வௌவால் ஒன்று, நாலைந்து சீட்டு.
அந்தம்மா தெருவையே சூடாக்கிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டிலோ
குளியலறை ஓடு பாதிச் சுவரில் நின்று நாலு கிறிஸ்துமஸ் ஆகிறது.
மாடிப்படிக்கு மூன்று விதக் கைப்பிடி,
எது பிடிக்கிறதென்று பார்க்கத்தான்.
சமையலறை இழுப்பறைகள் மட்டும் அவ்வளவு அழகு,
தொட்டால் சத்தமில்லாமல் தாமே மூடிக்கொள்ளும்.
பிடி வைக்கவில்லை.
நல்ல பித்தளை கிடைக்கட்டும் என்கிறார்.
வெண்ணெய்க் கத்தியால் நெம்பித் திறக்கிறேன்.
வெண்ணெய்க் கத்தி எங்கே இருக்கிறதென்று கேட்காதீர்கள்.

கராஜுக்கும் படுக்கையறைக்கும் ஒரே சுவர்.
இரவெல்லாம் ரம்பம் கத்தும், ரேடியோ ஹாக்கி சொல்லும்.
ஒருநாள் அரைத்தூக்கத்தில் திட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். சுவரைப் பிரித்தார்.
பாறைக்கம்பளி, இரட்டைப் பலகை, நடுவே பசை,
மின்பெட்டியின் முதுகிலும் களிம்பு.
இண்டு இடுக்கு விடவில்லை.
பூசி, வண்ணமும் அடித்தார்.
எங்கள் வீட்டில் முடிந்த ஒரே சுவர்.
கதவைச் சாத்தினால்
தலையணையில் என் இமை உரசுவது கேட்டது.

பத்து இரவு நன்றாகத் தூங்கினேன்.
பதினோராம் இரவு, மணி ஒன்று,
பக்கத்துப் படுக்கை சில்லிட்டுக் கிடந்தது.
அந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிறதா,
விரலைக் கொடுத்துவிட்டு மனிதர் விழுந்து கிடக்கிறாரா,
சுவர் வாய் திறக்கவில்லை.
உள்வழியும் கிடையாது.
மைனஸ் இருபத்தெட்டில் கோட்டை மாட்டிக்கொண்டு
வீட்டைச் சுற்றிப் போனால்
நாலாவது கைப்பிடியை உப்புத்தாளால் தேய்க்கிறார்.
என்ன, என்றார்.
ஒன்றுமில்லை.

இப்படி ஆறு முறை.

ப்ராக்டரில் அவருக்கு வேலையிருந்த ஒரு செவ்வாய்
அவருடைய துளைக்கருவியையே எடுத்தேன்.
கட்டில் தலைமாட்டில். ஒன்றரை அங்குலம்.
பொல்லாத சுவர். இரண்டு முறை பிட் சூடேறி நின்றது.
கம்பளி கைமேல் உதிர்ந்தது.
அப்பால் கராஜ் வெளிச்சம் ஒரு காசளவு.

நாட்காட்டியால் மறைத்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி
நம் வீட்டையே சோதிக்கிறேன் என்று கிளம்பினார்.
விசிறி வீட்டின் மூச்சை வெளியே இழுக்க
புகைக்குச்சியோடு அறை அறையாய் நடந்தார்.
ஜன்னலில் புகை நேராய் நின்றது.
சாக்கெட்டில் நேராய் நின்றது.
விசில் வேறு.
கட்டிலருகே வந்ததும்
பிப்ரவரி தானாய் எழும்பி ஆடியது
(தாளை நான் திருப்பவில்லை),
புகை மிரண்டு அவர் முகத்தில் பாய்ந்தது.

தூக்கிப் பார்த்தார்.
குனிந்து ஒற்றைக்கண்ணால்
தன் மேசையை, தன் ரம்பத்தைப் பார்த்தார்.
நான் சலவைக்கூடையைக் கீழே வைக்கவில்லை.

விளிம்பு பிசிறடித்திருக்கிறதே, என்றார்.
எந்த பிட் போட்டாய்?

அன்றிரவு ரம்பம் கொஞ்சம் ஓடியது.
காலையில் துளையைச் சுற்றி ஓக் மர வளையம்,
மெருகேற்றி, அதற்கொரு மூடி.
மூடிக்குப் பித்தளைப் பிடி.

நான் மூடுவதில்லை.
தலையணையில் மரத்தூள்.
இழுப்பறைகள் அப்படியேதான் இருக்கின்றன.