தடங்கலுக்கு

தெற்குச் சீமை முழுவதற்கும் படம் போனது
எங்கள் மலையிலிருந்துதான்.
எங்கள் வீட்டில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.
கோபுரத்தின் காலடியில் இருந்தால் அப்படித்தான் என்பார்
அங்கே இரவுப் பணி பார்த்த என் வீட்டுக்காரர் சவரிநாதன்.

கோபுரத்துக்கு மின்னலைப் பிடிக்கும்.
மாதம் நாலு முறையாவது இழுத்து அணைத்துக்கொள்ளும்.
உடனே இவர் அந்த அட்டையை வைப்பார்:
தடங்கலுக்கு வருந்துகிறோம்.
மதுரையில் திட்டுவார்கள், தூத்துக்குடியில் திட்டுவார்கள்,
நாகர்கோவிலில் யாரோ பெட்டியின் தலையில் அடிப்பார்கள்.
இவர் பிளாஸ்கைத் திறந்து
நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடிப்பார்.
வருந்தி ஒரு நாளும் பார்த்ததில்லை.

அட்டை வீட்டுக்கும் வந்துவிட்டது.
ரேஷன் சர்க்கரையை மழையில் நனைத்துவிட்டு
வாசலில் நிற்பார்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்."
என் தம்பிக்குத் தாலி கட்டி
பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வந்து சேர்வார்:
"தடங்கலுக்கு வருந்துகிறோம்."
செய்தி வாசிக்கிற முகம். கை பின்னால்.
சிரிக்காமல் இருக்க முடியாது.
சிரித்த வாயால் எப்படிச் சண்டை போடுவது?

ஊருக்கே அந்த வியாதி இருந்தது.
செவ்வாய்க்கிழமை நாடகத்தில் ஒரு வக்கீல்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"இதை நான் சொல்லல, சாட்சி சொல்லுது" என்பார்.
புதன்கிழமை காலையில்
மூஞ்சிக்கல் கறிக்கடை யாகூப் பாய்
எலும்போடு நிறுத்துவிட்டு
"இதை நான் சொல்லலம்மா, தராசு சொல்லுது."
பெருமாள்மலையில் மண் சரிந்து பஸ் நின்ற அன்று
கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டுத்
தொண்டையைச் செருமினார்.
அவருக்காக நாங்களே ஒரே குரலில் சொல்லி முடித்தோம்,
கோழிக்கூடையோடு இருந்தவர்கூட.

வக்கீல் நாடகத்தின் கடைசி வாரம்
சின்னவளுக்கு நெற்றி கொதித்தது.
நாயுடுபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை
போர்வைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
ஒரு ஜீப் இல்லை, நாய்கூட இல்லை, பனிதான்.
ஜன்னலுக்கு ஜன்னல் அதே நீல வெளிச்சம்,
ஜன்னலுக்கு ஜன்னல் அதே வக்கீல்.
ஒரு வீட்டில் விட்ட வாக்கியத்தை
அடுத்த வீட்டில் கேட்டுக்கொண்டே போனேன்.
தீர்ப்பு வந்தபோது மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நூற்றிமூன்றரை என்றாள் நர்ஸ்.
கோபுரத்துக்கு ஆள் அனுப்பினேன்.
"நிலையத்தை விட்டுட்டு வரமுடியாது, முடிஞ்சதும் வர்றேன்."
அன்று மின்னல் இல்லை.
தெற்குச் சீமையில் எல்லோரும் கடைசிவரை பார்த்தார்கள்.

விடிகிற நேரத்தில் வந்தார்,
கை பின்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு.
"வாயைத் திறக்காதீங்க" என்றேன்.

பிள்ளை தேறியதும் பள்ளங்கியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.
பதினோரு நாள் பீன்ஸ் பறித்தேன்.
குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான்.
இத்தனை வருஷத்தில் அப்போதுதான் அதன் வாலைப் பார்த்தேன்:
வருந்துகிறோம்.
யார் யார்?
இவரும் மத்திய சர்க்காருமா?
இவரும் மின்னலுமா?
என்னையும் சேர்த்தா எண்ணியிருக்கிறார்கள்?

பன்னிரண்டாம் நாள் வந்தார்.
முட்டைக்கோஸ் பாத்தி வரப்பில் நின்றார்.
கை பின்னால் இல்லை,
இரண்டு பக்கமும் யாருடையதோ போலத் தொங்கியது.
"பிலோமி" என்றார்.
"வருந்து" என்றார்,
அதற்குள் காய்கறி லாரி ஒன்று
ஹார்னை அழுத்தியபடி வளைவு முழுக்கத் திரும்பியது.

சத்தம் போனபோது சொல்லி முடித்திருந்தார்.
உதடு கடைசியில் குவிந்ததா, விரிந்ததா,
பனியில் தெரியவில்லை.
மறுஒளிபரப்பு கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

பையை எடுத்துக்கொண்டேன்.
சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு
"ரொம்ப இளைச்சிட்டாளே" என்றார்.
இதை நீங்க சொல்லல, தோள் சொல்லுது
என்று நாக்குவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது.