லொறி தின்ற பக்கம்

மேல்வீட்டு மெரினா ஜெர்மனிக்குப் போகும்போது
என் கையில் தந்தவை மூன்று:
திறப்பு, இரண்டு புத்தகம் போட்ட சொப்பின் பை,
ஐந்து கிலோகூட வராத ஒரு நாய்.
நாயின் பெயர் லொறி.

முதற் புத்தகம் சின்ன நாய்களுக்கானது.
அதாவது, சின்ன நாய் வைத்திருக்கிற
பெரிய மனிசருக்கானது.
படங்களில் எல்லா வீட்டிலும் கம்பளம்.
‘நடுங்கினால் போர்வை போர்த்தவும்.’
கொக்குவிலில், சித்திரை வெயிலில்,
லொறி சீமெந்து நிலத்தில் வயிற்றை ஒட்டி
தோசைபோலக் கிடக்கிறது.
‘உப்பில்லாமல் அவித்த கோழி, நாளுக்கு அறுபது கிராம்.’
ஒட்டி மீன் தலையை அது கட்டிலுக்குக் கீழே இழுத்துப்போனதை
எந்த அத்தியாயத்தில் தேடுவது?

ஆனாலும் சொல்லவேணும்,
எழுதினவருக்கு நாயைத் தெரியும்.
தன் உயரம் தெரியாத பிராணி என்கிறார் ஓரிடத்தில்.
போன கிழமை ஒழுங்கைக்குள் மணலோடு வந்த டிப்பருக்கு
முன்னால் நின்று குலைத்தது லொறி.
டிப்பர் பின்னுக்குப் போனது.
சத்தியமாக.

மற்றது, வானொலிக்குப் பகிடி எழுதிய
அந்திரேசு சவிரிமுத்துவின் தன்வரலாறு.
அட்டையில் அவர் சிரிக்கவில்லை,
கடன் கேட்கப் போனவர் மாதிரி நிற்கிறார்.
முதல் அறுபது பக்கம் எனக்கும் சிரிப்பு வரேல்ல.
பெரியப்பாமாரின் பெயர்கள், கொழும்பில் வாடகை அறைகள்,
ஒரே மூட்டைப்பூச்சி இரண்டுதரம் வருகிறது.
‘இழுக்கிறார்’ என்று ஓரத்தில் பென்சிலால் மெரினா.

பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி.
உள்ளே மனைவிக்கு ஒப்பரேசன்.
வெளியே சைக்கிள் கரியரில் கொப்பியை வைத்து
மாமிக்கும் மருமகனுக்கும் சண்டை எழுதுகிறார்,
நாளைக்கு ஒலிப்பதிவு.
பயம் கூடின நாளில் பகிடி நல்லாய் வரும் என்கிறார்.
ஒரு வசனம்தான். அதற்கு மேல் விளக்கமில்லை.
மெரினா அங்கே ஒன்றும் எழுதவில்லை.
பென்சில் முனை குத்தின ஒரு புள்ளி.

பாமசியில் ஆளில்லாத மத்தியானங்களில் ஒன்று,
இரவில் மற்றது என்று படித்ததில்
எல்லாம் குழம்பிப்போயிற்று.
‘குலைப்பது கோபத்தால் அல்ல, சிரிக்கவேண்டாம்’
என்றது எந்தப் புத்தகம்?

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறார்
தன்னுடைய ஆகச் சிறந்த பகிடியை.
ஆகச் சிறந்தது என்று தானே சொல்கிறார்.
சங்கக்கடைக்கு ஒருத்தன் சீனி வாங்க வருகிறான்,
மனேச்சர் தராசைத் தூக்கி

அடுத்த தாள் இல்லை.
கிழிந்த ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்.
நூற்று நாற்பத்தைந்து இப்படித் தொடங்குகிறது:
‘அதற்குப் பிறகு ஒரு வருசம் நான் ஒன்றும் எழுதவில்லை.’

மெரினாவுக்கு வட்ஸப்பில் கேட்டேன்.
‘நான் படிக்கேக்க இருந்ததடி, ஆனா சிரிக்கேல்ல’
என்று மட்டும் வந்தது.

பிரஷர் குளிசைக்குக் குருநகரிலிருந்து வருகிற
மரியநேசக்காவிடம் கேட்டேன்.
‘ஓமோம், அதோ! ரேடியோவில எத்தினை தரம் போச்சுது!
மனேச்சர் தராசைத் தூக்கி...’
அதற்குள் சிரிப்பு.
கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்,
இருமினார், கண்ணைத் துடைத்தார்,
பேந்தும் துடைத்தார்.
மிச்சக் காசை எடுக்காமலே பஸ்ஸுக்குப் போனார்.

நாய்ப் புத்தகத்தின் கடைசித் தாளில்
நாங்கள் நிரப்புவதற்குக் கோடு போட்டிருக்கிறது.
நேற்றிரவு கரண்ட் போன நேரம்
டோர்ச் வெளிச்சத்தில் நிரப்பினேன்.

பெயர்: லொறி.
பிறந்த திகதி: தெரியாது.
பயப்படுவது: பிரஷர் குக்கருக்கு. டிப்பருக்கு அல்ல.
விரும்பும் உணவு: ஒட்டி மீன் தலை,
பக்கம் நூற்று நாற்பத்துமூன்று, நூற்று நாற்பத்துநான்கு.